சுழல்தட்டும் பழங்குரலும்



பழம்பொருள் ஒன்றைப் புதிதுபோல் ஆக்குதல் வேறு. அதனைத் தன் தொழிலைச் செய்யுமாறு மீட்டல் வேறு. சுவடி பதிப்பித்தோர் நன்கறிந்த இவ்வேறுபாடு, இசைத்தட்டை ஒலிக்கச் செய்யும் பழைய டர்ன்டேபிள் கருவியைச் செப்பனிடுவோர்க்கும் பொருந்துவதாகும்.

இங்கிலாந்தின் சுவிண்டன் நகரில் காரார்ட் நிறுவனம் செய்த 301 என்னும் கருவி, 1954ஆம் ஆண்டளவில் விற்பனைக்கு வந்தது. நிமிடத்திற்கு 33⅓, 45, 78 என மூன்று சுழற்சி வேகங்களை உடையது. மோட்டாரின் தண்டு ரப்பர் விளிம்புடைய இடைச்சக்கரத்தைச் சுழற்ற, அச்சக்கரம் கனத்த தட்டின் உள்விளிம்பை உந்தும். பி.பி.சி. ஒலிபரப்பிலும் பயன்பட்ட உறுதி வாய்ந்தது. எனினும், இத்தகைய கருவி உழைத்துக் கெடுவதினும் ஓய்ந்து கெடுவதே மிகுதி. பல்லாண்டு அசையாதிருப்பின் எண்ணெய் பிசினாகும், கிரீஸ் இறுகும், ரப்பர் கல்லாகும்.

ஆதலின் முதற்பணி வண்ணம் பூசுதல் அன்று. பேரிங்கைக் கழற்றித் துடைத்து, உரியதை இடுதலே ஆம். முந்திய 301களின் பேரிங் கிரீஸுக்கென அமைந்தது. பிந்தியவற்றினது எண்ணெய்க்கென அமைந்தது. ஒன்றற்குரியதை மற்றொன்றற்கு இடுதல், ஒரு நூலின் உரையை வேறொரு நூலுக்கு எழுதியது போலாம்.

அடுத்து வேகம். 60 சுழற்சி மின்சாரத்திற்குரிய கப்பியுடன் வந்த கருவியை இந்தியாவின் 50 சுழற்சி மின்சாரத்தில் இயக்கினால், வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். பாடுவோர் சுருதி ஏறத்தாழ மூன்று சுரத்தானம் தாழும். கப்பியை மாற்றாது கேட்பவர், பாடாத சுருதியைப் பாடியதாக நம்பிவிடுவார்.

மேம்படுத்தலும் குற்றமன்று. 301 விற்கப்பட்டபோதே முள்ளைத் தாங்கும் கை அதனுடன் வரவில்லை. வாங்கியவரே தேர்ந்து பொருத்தினர். எனவே இக்காலத்து நுண்ணிய கையும் கனத்த பீடமும் பொருத்துதல், அதன் இயல்புக்கு மாறானதன்று.

தமிழர்க்கு இக்கருவியின் 78 சுழற்சி வேகம் தனிச்சிறப்புடையது. 1933இல் இளமையிலேயே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல், அவ்வேகத்தில் சுழலும் அரக்குத் தட்டுகளிலேயே பதிவாயிற்று. அத்தட்டின் வரிப்பள்ளம் அகன்றது; அதற்கு ஏறத்தாழ 75 மைக்ரான் ஆரமுடைய முள் வேண்டும். நெடுந்தட்டுக்குரிய 18 மைக்ரான் முள்ளோ பள்ளத்தின் அடியில் உழன்று இரைச்சலையே எழுப்பும். தேய்ந்த முள் சுவரையே சீவும். சீவிய குரல் மீளாது. இடைச்சக்கரத்தைத் தூய்மை செய்ய உதவும் ஆல்கஹால், அரக்குத் தட்டில் பட்டால் அதனைக் கரைத்துவிடும். ஒன்றன் மருந்து மற்றொன்றன் நஞ்சு.

1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏடெழுதுவோர் பிழையைக் களைய முயன்றார். புலவர் சொல்லைத் திருத்தத் துணிந்தாரல்லர். செப்பனிடுவோரும் அவ்வாறே கருவியின் இரைச்சலைக் களைதல் வேண்டும். தட்டிலுள்ள குரலைத் தம் விருப்பிற்கு இனிமையாக்க முனைதல் கூடாது.

செப்பனிட்ட கருவியைக் கண்ணாடிப் பேழையுள் வைத்தால், அதே பிசினும் அதே இறுக்கமும் மீண்டும் வந்து சேரும். வாரந்தோறும் சில தட்டுகளேனும் கேட்பதே அதற்குரிய காப்பு. கேட்குந்தோறும் தட்டு சிறிது தேயும் என்பது மெய்யே. ஆயினும் கேளாது காத்த குரல் யாருக்கும் பயன்படாது. எனவே, தக்க முள்ளுடன், அளவறிந்து கேட்டல் வேண்டும்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டமும் இடைவிடாது கூடிப் படித்ததனாலேயே நிலைத்தது. பழம்பாட்டும் பேழையில் இருப்பதால் வாழ்வதன்று. ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் செவிகொடுப்பதால் வாழ்வது.