பிள்ளைக்கு அரசு கொடுத்தால் கம்பனி கைவிடலாமா?

(தோட்டக் கமிட்டித் தலைவர்மார், மாதர் சங்கத் தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாம் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். அங்கே காசு கேட்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே வைத்தியம் பார்க்கக் காப்புறுதி வேண்டும். பலருக்கு அது வேலை செய்யும் கம்பனி மூலம் கிடைக்கிறது. தொழிலாளியின் சம்பளத்திலும் ஒரு பங்கு பிடிப்பார்கள்.

மிக வறிய குடும்பங்களுக்காக 1965இல் மெடிக்கெயிட் என்ற அரச திட்டம் வந்தது. அதற்குச் சற்று மேலே சம்பாதித்தும் தனியார் காப்புறுதி வாங்க வசதியில்லாதவர்களின் பிள்ளைகளுக்கு 1997இல் ‘சிப்’ திட்டம் வந்தது.

உடனே ஒரு பயம் எழுந்தது: அரசு கொடுத்தால் கம்பனிகள் தங்கள் பங்கை நிறுத்திவிடுமே! கட்லர், குரூபர் என்ற பொருளியலாளர்கள் 1996இல் ஒரு கணக்குக் காட்டினார்கள். மெடிக்கெயிட்டில் கூடிய எண்ணிக்கையில் ஏறக்குறைய பாதியளவுக்குத் தனியார் காப்புறுதி குறைந்தது என்றார்கள். பின்வந்த பல ஆய்வுகள் அதைவிடக் குறைவாகவே கண்டன.

இதைத் தடுக்கப் பல மாநிலங்கள் போட்ட விதியைக் கேளுங்கள். தனியார் காப்புறுதியை விட்ட பிள்ளை, சில மாதம் எந்தக் காப்புறுதியும் இல்லாமல் இருந்த பிறகுதான் ‘சிப்’பில் சேரலாம். சில இடங்களில் ஒரு வருடம் வரை. விதிவிலக்குகளும் இருந்தன. ஆனாலும், தொய்வு வருத்தம் உள்ள பிள்ளை மூன்று மாதம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்குமா? கம்பனி நழுவும் என்ற பயத்துக்குத் தண்டனை பிள்ளைக்கு!

2014 முதல் இந்தக் காத்திருப்பு 90 நாளுக்கு மேல் போகக்கூடாது என்றானது. 2024இல் வந்த மத்திய அரசின் விதி, அதை முற்றாக நீக்கச் சொன்னது.

இது நமக்கும் பாடம். நம் தோட்ட வைத்தியசாலைகள் பலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றிருக்கிறது. அதை வரவேற்கிறோம். ஆனால் அதைச் சாட்டாக வைத்துத் துரைமார் பிள்ளைக்காம்பராவையோ, நோயாளியை ஏற்றிப்போகும் வாகனத்தையோ குறைக்க இடம் கொடுக்கக்கூடாது. அரசு தருவது மேலதிகமாக வரவேண்டும். கம்பனி தருவதற்குப் பதிலாக வரக்கூடாது.

ஆகவே, உங்கள் தோட்டத்தில் பிள்ளைகளுக்கு இன்று கம்பனி என்னென்ன செய்கிறது என்று எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எழுத்தில் இருந்தால்தான், குறையும்போது நாம் கேட்க முடியும்.