உயிர் காக்கும் கருங்குறுணை



நிலக்கரிச் சுரங்கத்தில் தீ மூண்டால், தீ எட்டாத தொலைவில் நிற்பவனும் மடிவதுண்டு. அவனைக் கொல்வது கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆகவே எச்சரிக்கையும் இல்லை. நமது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இதனைப் பிடித்துக்கொள்கிறது.

இவ்வாயுவுடன் இன்னும் சிறிது பிராணவாயு சேர்ந்தால் அது கரியமில வாயுவாக மாறிவிடும். ஆபத்தும் பெரும்பாலும் நீங்கும். ஆனால் சாதாரண வெப்பநிலையில் இரண்டும் தாமாகச் சேர்வதில்லை. சேர்த்துவைக்க ஒரு கிரியா ஊக்கி வேண்டும். பிளாட்டினம் இல்லையா என்பீர்கள். சூடேறிய பின் அது திறமையாகவே வேலை செய்யும். குளிர்ந்திருக்கும்போதோ, கார்பன் மோனாக்ஸைடே அதன் பரப்பு முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. பெண் வீட்டாரே பந்தியை நிரப்பிவிட்டால் பிள்ளை வீட்டார் வாசலில் நிற்க வேண்டியதுதானே! விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முதல் உலகப் போரின்போது லாம்ப், பிரே, ஃப்ரேஸர் முதலிய அமெரிக்க ரசாயன அறிஞர்கள் இதற்கு வழி கண்டனர். 1920-இல் விவரங்களை வெளியிட்டனர். நூற்றுக்கு 50 பங்கு மாங்கனீஸ் டையாக்ஸைடு, 30 பங்கு செப்பு ஆக்ஸைடு, 15 பங்கு கோபால்ட் ஆக்ஸைடு, 5 பங்கு வெள்ளி ஆக்ஸைடு, இவ்வளவுதான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கலிபோர்னியா என்ற இரு பல்கலைக்கழகங்களின் பெயர்களையும் இணைத்து, இக்கருங்குறுணைக்கு ஹாப்கலைட் என்று பெயரிட்டனர். மாங்கனீஸும் செம்பும் மட்டுமே போதுமென்பது பின்னர் தெரிந்தது. ஆக்ஸைடு தன்னிடமுள்ள பிராணவாயுவை விஷவாயுவுக்கு ஈந்துவிட்டு, இழந்ததைக் காற்றிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

இதற்கு ஒரு பகை உண்டு, அது ஈரம். நீராவி படிந்தால் குறுணை செயலற்றுவிடும். ஆதலால் முகமூடியில் காற்று முதலில் கால்சியம் குளோரைடு போன்ற உலர்த்தும் பொருளைக் கடந்தே குறுணையை அடையும். இடுப்பில் தொங்கும் டப்பாவை அவ்வப்போது நிறுத்துப் பார்ப்பார்கள். எடை கூடியிருந்தால் ஈரம் புகுந்துவிட்டது என்று பொருள்.

விஷவாயு எரியும்போது வெப்பம் பிறக்கிறது. காற்றில் விஷம் மிகுந்தால் உள்ளிழுக்கும் மூச்சும் சூடாகும். வாய் வறண்டு எரியும். கருவி கெட்டுவிட்டதென்று எண்ணிய தொழிலாளி அதைப் பிடுங்கி எறியத் துடிப்பான். உண்மையில் அது வேலை செய்வதற்கு அச்சூடே சான்று. ஆகவே, எவ்வளவு சுட்டாலும் வாய்க்குழாயை எடுக்கக் கூடாதென்று முன்கூட்டியே பயிற்றுவிக்கின்றனர். ஆனால் சுரங்கக் காற்றில் பிராணவாயுவே குன்றிவிட்ட இடத்தில் இக்குறுணையால் பயனில்லை. அங்கே பிராணவாயுவைத் தானே அளிக்கும் வேறு கருவி வேண்டும்.