கொடி எவ்வளவு தூரம்? செல்போனா, லேசர் கருவியா?

(சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியது)



கோல்ஃப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நம் செயலாளரே, "பேங்க் கிளார்க்குக்கும் கோல்ஃபுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்டார். ஊட்டியில் வேலை பார்த்தபோது என் மேனேஜர் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டார். அவ்வளவுதான் சம்பந்தம்.

இப்போது நம் குடியிருப்பில் நான்கு பேர் ஆடுகிறோம். அதில் ஒருத்தி ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண். அவளுடைய அம்மா போன மாதம் லிஃப்டில், "அங்கிள், கூட ஆடுற பிள்ளைங்க எல்லாம் தூரம் பார்க்க லேசர் வச்சிருக்காங்களாம். இருபத்தஞ்சாயிரம் சொல்றாங்க. போன்ல ஆப் இருக்கே, அது போதாதா?" என்று கேட்டார். நாலாவது மாடி வருவதற்குள் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

ஆடாதவர்களுக்காக ஒரு விளக்கம். கோல்ஃப் பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரத்துக்கு அடிக்கும். அதனால் கொடி எத்தனை கஜத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் எந்த மட்டையை எடுப்பது என்று முடிவு செய்யலாம். அந்தக் காலத்தில் கேடி சொல்வார், அல்லது 150 கஜத்தில் நட்டிருக்கும் அடையாளத்திலிருந்து காலால் அளப்போம்.

லேசர் கருவி ஒரு சின்ன பைனாகுலர் மாதிரி. கொடியைக் குறிபார்த்துப் பொத்தானை அழுத்தினால் ஒளி போய், பட்டுத் திரும்பி வருகிறது. அந்த நேரத்தைத் தூரமாக மாற்றிச் சொல்கிறது. 150 கஜம் போய்வர, ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட ஆகாது. நல்ல கருவியில் பிழை ஒரு கஜத்துக்குள்தான்.

போன் செயற்கைக்கோளை வைத்து நாம் நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்து, ஆப்பில் இருக்கும் மைதான வரைபடத்தோடு ஒப்பிடுகிறது. திறந்த வெளியில் சாதாரணமாக 5 மீட்டர் அளவுக்குப் பிழை வரலாம். 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே மங்கலாக வைத்திருந்தது. அதை நிறுத்திய பிறகுதான் இவ்வளவு துல்லியம் நமக்குக் கிடைத்தது.

அப்படியானால் லேசர்தானே சரி? அவசரப்படாதீர்கள். லேசருக்குக் கொடி கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஊட்டியில் மூடுபனி இறங்கினால் அது வெறும் டப்பா. மேட்டுக்கு அந்தப் பக்கம் கொடி இருந்தாலும் அப்படித்தான். அங்கெல்லாம் போன் கைகொடுக்கும். புல்தரையின் முன்பக்கம், நடு, பின்பக்கம் மூன்றுக்கும் தூரம் சொல்லும். மணல்குழி, குளம் எங்கே என்றும் காட்டும். ஆனால் இன்றைக்குக் கொடியை எந்த மூலையில் நட்டிருக்கிறார்கள் என்பது பொதுவாக அதற்குத் தெரியாது. வெயிலில் திரை தெரியாது. பேட்டரி குறையும். நடுவில் வாட்ஸ்அப் வேறு வரும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பயிற்சி மைதானத்தில் ஒரே மட்டையால், செவன் அயர்னால், இருபது பந்து அடித்து நோட்டில் எழுதினேன். குறைந்தது 98 கஜம், அதிகபட்சம் 131. வித்தியாசம் 33 கஜம்! என் கை 33 கஜம் தப்புகிறபோது, கருவி ஒரு கஜம் தப்பினால் என்ன, ஐந்து கஜம் தப்பினால் என்ன? கல்லாவில் ஆயிரம் ரூபாய் குறையும்போது பைசாவைத் தேடிக்கொண்டிருக்க மாட்டோம்.

விதியும் தெரிந்திருக்க வேண்டும். 2019 முதல் உள்ள விதிகளின்படி, போட்டிக் குழு தடை செய்யாதவரை தூரம் பார்க்க இரண்டுமே அனுமதி. ஆனால் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடும் வசதியைப் பயன்படுத்தக் கூடாது. எந்த மட்டை எடுப்பது என்று ஆப் சொல்வதையும் கேட்கக் கூடாது. முதல் தடவைக்கு இரண்டு ஸ்ட்ரோக் அபராதம், மறுபடியும் செய்தால் வெளியேற்றம். பிள்ளைகள் தெரியாமல் செய்தாலும் தண்டனை உண்டு. போட்டிக்கு முன்னால் பெற்றோர் உட்கார்ந்து அந்த வசதிகளை அணைத்து வையுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போன வருடம் நண்பருடைய லேசரை வாங்கிக் கொடியைப் பார்த்தேன். முதலில் 141 என்றது, அடுத்து 168, பிறகு 143. "பேட்டரி போயிடுச்சு போல" என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் மூன்று தடவை பார்த்தார், மூன்றும் 142. என் கை ஆடியதால் ஒளி கொடியை விட்டுப் பின்னால் இருந்த மரத்தில் பட்டிருக்கிறது. வீட்டில் சொன்னபோது என் மனைவி, "ஆறு மாசமா டம்ளர்ல காபி தளும்புது. நீங்கதான் கவனிக்கலை" என்றாள். டாக்டரிடம் போனோம். பயப்பட ஒன்றுமில்லை, வயதோடு வருகிற நடுக்கம் என்றார். இனி ஆட்டம் அவ்வளவுதானோ என்று இரண்டு வாரம் மைதானம் பக்கமே போகவில்லை. பிறகு போனை எடுத்துக்கொண்டு போனேன். அதைக் குறிபார்க்க வேண்டியதில்லை, பையில் இருந்து எடுத்துப் பார்த்தால் போதும். இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறேன். கை நடுங்குகிறவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் போன்தான் என்பது என் அனுபவம்.

அந்தத் தாய்க்கு என் பதில் இது. அம்மா, இப்போதைக்கு ஆப் போதும். அந்தப் பணத்தைக் கோச்சுக்குக் கொடுங்கள். ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு மட்டைக்கும் இருபது பந்து அடித்து எழுதச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை மறுபடி எழுதட்டும். எப்போது அவளுடைய சிறிய எண்ணுக்கும் பெரிய எண்ணுக்கும் வித்தியாசம் பத்து கஜத்துக்குள் வருகிறதோ, அன்றைக்கு லேசர் வாங்குங்கள். அப்போது அந்த ஒரு கஜத்துக்கு மதிப்பு உண்டு. மற்ற பிள்ளைகள் வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் காரணமாக இருக்க வேண்டாம்.

நோட்டு நான் வாங்கித் தருகிறேன். கோடு போடவும் சொல்லித் தருகிறேன், முப்பத்தைந்து வருடம் செய்த வேலை.