ஆளி யார் கையில்?

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இன்று பட்டம் பெறும் இளையோரே, விடியுமுன்னே பஸ் ஏறி மலையும் கடலும் தாண்டிய ஊர்களிலிருந்து வந்து அமர்ந்திருக்கும் அம்மாமாரே, அப்பாமாரே!

என் முதல் வாழ்த்து பெற்றோருக்கு. இந்தப் பட்டத்தில் உங்கள் உழைப்பும் இருக்கிறது. பிள்ளைகள் அதை மறக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இன்று ஒரு சொல்லை வைத்துப் பேச விரும்புகிறேன். இலங்கையில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் படித்த எல்லோருக்கும் 'ஆளி' தெரியும். மின்சுற்றைத் திறந்து மூடும் சாதனம் அது. வீட்டில் சுவிட்ச் என்கிறோம், பாடப்புத்தகம் ஆளி என்கிறது. முதலாளி, தொழிலாளி, பொறுப்பாளி என்ற சொற்களிலும் அதே ஆளியைக் கேட்கிறோம். சொல்லுக்குள்ளேயே 'ஆள்' இருக்கிறது. ஒளியையும் பேச்சையும் திறந்து மூடுகிற ஆளி இன்று யார் கையில் இருக்கிறது, அந்தக் கை யாருக்குப் பதில் சொல்கிறது என்பதே என் பேச்சு.

வெகுதூரம் போக வேண்டாம். கண்டியிலிருந்து மஹியங்கனை வீதியில் குண்டசாலையைத் தாண்டினால் திகன, அதற்கப்பால் தெல்தெனிய. தெல்தெனிய என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. பழையது விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. 1985இல் திறக்கப்பட்ட அந்த அணை 122 மீற்றர் உயரம். நாட்டில் அதைவிட உயர்ந்த அணை இல்லை. அதன் மின் நிலையம் 210 மெகாவாட் தரவல்லது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய ஊரின் கட்டட எச்சங்கள் வெளியே தலைகாட்டும். முப்பது ஆண்டுகளில் செய்ய வகுத்த மகாவலித் திட்டம் 1977க்குப் பிறகு ஆறு ஆண்டுகளுக்குள் சுருக்கப்பட்டது. அந்த அவசரத்தில் எழுந்த அணைகளின் வெளிச்சத்தில்தான் என் தலைமுறை படித்தது, அதற்கு நான் நன்றி மறந்தவனல்ல. ஆனால் ஊரை விட்டு எழுந்து போனவர்களின் சொல் எவ்வளவு தூரம் கேட்கப்பட்டது என்று அந்தத் தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.

தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர் என் அம்மா. மின்கம்பி அவர்களுடைய லயத்துக்கு மேலாகப் போனது, லயத்துக்குள்ளே குப்பி விளக்கு எரிந்தது. "நமக்கு எப்ப வரும்னு யாருகிட்ட கேக்கிறது?" என்பார். அவருக்குத் தெரியாமல் போனது பதில் மட்டுமல்ல, கேட்க வேண்டிய இடமும்தான்.

இனி பேச்சின் ஆளி. ஆண்டு 2018. பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறியில் கிடந்த கட்டியைக் காட்டி மலடாக்கும் மாத்திரை என்று சொல்லும் காணொளி முகநூலில் பரவியது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வில் பிறகு தெரிந்தது. அதற்குள் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. சில நாட்களில் தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் உயிரிழந்தார். அந்த மரணத்தின் துயரத்தை வெறுப்பாக்கிக் கைத்தொலைபேசிகள் ஊர் ஊராகக் கொண்டுபோயின. திகனவில் எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் இறந்தார். மார்ச் 6 அன்று அவசரகால நிலை பிரகடனமானது. 7ஆம் திகதி முகநூல், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாம் நிறுத்தப்பட்டன. ஒரு வாரமளவு அந்த மௌனம் நீடித்தது.

நான் அப்போது கட்டுகஸ்தோட்டையில் இருந்தேன். ஊரடங்கு. அக்குறணையில் கடை வைத்திருக்கும் நண்பர் என்ன ஆனார் என்று தெரியவில்லை. சாதாரண அழைப்பு எடுத்து எடுத்து, இரவு பத்து மணிக்குமேல் அவருடைய குரல் கேட்டது. "உசிரோட இருக்கம்" என்றார். மறுநாள் என் மகள், தடையைத் தாண்ட வி.பி.என். போடக் கற்றுக்கொடுத்தாள். வெறுப்பைப் பரப்புபவர்களுக்கும் அது தெரியாமல் இருக்குமா என்று அவளைக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை.

பொய் கொல்லும் என்பதைக் கண்டிக்காரர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகவே இணையத்தில் எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் நிற்கமாட்டேன். ஆனால் அன்று நடந்ததை முழுதாகப் பாருங்கள். வன்முறைக்கு அழைத்த சிங்களப் பதிவுகளைப் பற்றி மக்கள் முகநூல் நிறுவனத்திடம் முறையிட்டார்கள். விதிகளுக்கு முரணில்லை என்ற பதில்களும் வந்தன. சிங்களம் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே போதுமான அளவில் இருக்கவில்லை. 2020 மே மாதத்தில் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. பதிவை அழிக்க வேண்டிய வேளையில் ஒரு கை அசையவில்லை. பிறகு வந்த இன்னொரு கை நாடு முழுவதன் பேச்சையும் சேர்த்து மூடியது.

அரசின் கையும் மொழி தெரியாமல் ஆளியைத் தொட்டதுண்டு. அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர் 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பை எழுதியவர். தீவிரவாதத்தைப் பரப்புகிறார் என்று 2020இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது, 2023இல் நீதிமன்றம் விடுதலை செய்தது. தமிழ்க் கவிதையைத் தமிழாக வாசிக்கத் தெரிந்தவர்கள் தொடக்கத்திலேயே வாசித்திருந்தால் அந்த ஆண்டுகள் அவருக்கு மிஞ்சியிருக்கும்.

மின்சாரம், பேச்சு என்ற இரண்டு ஆளிகளும் ஒரே வாரத்தில் அழுத்தப்பட்ட காலமும் உங்களுக்கு நினைவிருக்கும். 2022 மார்ச் 31 அன்று 13 மணிநேர மின்வெட்டு. எரிபொருள் வாங்க டொலர் இல்லை. ஏப்ரல் 3 அன்று, பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளில், சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அதே நாளில், ஊரடங்குக்கு நடுவே, இந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் கலஹா சந்தியில் நின்றார்கள், கண்ணீர்ப்புகை அடிக்கப்பட்டது. சுமார் 15 மணிநேரத்தில் ஊடகங்கள் திரும்பின. முடக்கியபோது காரணத்தை மக்கள் முன் வந்து யாரும் விளக்கவில்லை, திறந்தபோதும் விளக்கவில்லை.

பிறகு சட்டம் வந்தது. நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2023 செப்டெம்பரில் வர்த்தமானியில் வெளியானது. நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. பல பிரிவுகளைத் திருத்த வேண்டும் என்றது நீதிமன்றம். 2024 ஜனவரி 24 அன்று 108க்கு 62 என்ற வாக்குகளில் சட்டமூலம் நிறைவேறியது. பெப்ரவரி 1 அன்று சபாநாயகர் கையொப்பமிட்டார். நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சிகளும் சிவில் அமைப்புகளும் குற்றஞ்சாட்டின. எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அந்தச் சட்டம் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவின் கையில் வைக்கிறது. பிள்ளைகளையும் பெண்களையும் இணையத்தில் துன்புறுத்துபவர்களைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். அந்தத் தேவை உண்மையானது. அந்தத் தேவையைக் காட்டி அரசை விமர்சிப்பவரின் வாயையும் மூட முடியுமானால், அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தந்த பேச்சுரிமை தாளில் மட்டுமே மிஞ்சும்.

அப்படியானால் நல்ல ஆளி எப்படி இருக்கும்? அதற்கான விடையின் ஒரு பகுதி நம் மின்சாரத் துறையிலேயே இருக்கிறது. மின்கட்டணத்தை மாற்ற வேண்டுமானால் மின்சாரம் வழங்கும் நிறுவனம் தன் கணக்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் வைக்க வேண்டும். ஆணைக்குழு அதை வெளியிட்டு, மாகாணந்தோறும் மக்களின் கருத்தைக் கேட்கிறது. ஒருமுறை கட்டணம் மாற வேண்டாம் என்று மின்சார சபை முன்மொழிந்தது. கணக்கைப் பரிசீலித்து மக்களையும் கேட்ட ஆணைக்குழு, 2025 ஜனவரியில் சராசரியாக 20 சதவீதம் குறைத்துத் தீர்ப்புச் சொன்னது. அந்தக் கூட்டங்களில் சிறு ஆலை நடத்துபவரும் வீட்டுக்காரரும் எழுந்து நின்று கணக்குக் கேட்டார்கள். என் அம்மா தேடிய இடம் அதுதான்.

கேள்வி கேட்டதால் ஊர் தப்பிய கதையும் உண்டு. திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் நிலக்கரி அனல்மின் நிலையம் வர இருந்தது. போரில் இடம்பெயர்ந்து மீண்ட மக்களும் சூழலியலாளர்களும் எதிர்த்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2016 செப்டெம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அரசு அங்கே அறிவித்தது. அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கான பணி 2025இல் தொடங்கியது.

விவாதிப்பது என்றால் உரக்கப் பேசுவது மட்டுமல்ல, விளங்கிப் பேச வேண்டும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு புகுந்த செய்தியே எல்லோர் வாயிலும் இருந்தது. ஆனால் எத்தனை பேருக்கு மீதிக் கதை விளக்கப்பட்டது? ஞாயிறு ஆதலால் பாவனை குறைவு. கூரைகளில் சூரிய மின்சாரம் நிறைந்து வழிந்தது. அதனால் பெரிய சுழலும் இயந்திரங்கள் சிலவே ஓடின. திடீர் அதிர்ச்சியைத் தாங்குவது அந்தச் சுழற்சியின் கனம். அது மெலிந்திருந்த வேளையில் ஒரு சிறிய கோளாறு முழுத் தீவையும் இருளாக்கியது. அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை உரிமையாளர்களிடம் வேண்டியது. பாருங்கள், ஆளி இப்போது குடிமக்களின் கூரைக்கும் வந்துவிட்டது. காரணம் விளங்கினால் அவர்கள் மனமுவந்து அழுத்துவார்கள். விளங்காவிட்டால் அது இன்னொரு அதட்டலாகவே தெரியும்.

பொறியியல் பட்டதாரிகளே, இதை விளக்குவது உங்கள் கடமை. டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே இந்த நாட்டு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்கோடு பொறியியலாளர் சங்கத்தின் முன் கட்டுரை வாசித்தார். ஆட்சியாளர்கள் காது கொடுக்கவில்லை. அவர் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு ஒதுங்கவில்லை. 1931இல் இரத்தினபுரியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கேயும் வாதாடினார். லக்ஷபான மின் நிலையம் 1950இல் இயங்கியது. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு பொறியியலாளர் தன் கணக்கைப் பொதுமக்களின் விவாதமாக வைத்திருந்தார்.

கலை, சட்டம் படித்தவர்களே, இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை எதிர்த்து 2012இல் உச்ச நீதிமன்றப் படியேறிய ஷ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண்ணுக்கு அப்போது உங்கள் வயதுதான் இருக்கும். ஒரு முகநூல் பதிவுக்காக இரண்டு பெண்கள் கைதானதைப் பார்த்து அவர் வழக்குப் போட்டார். 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவே செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

நான் உங்களிடம் கேட்பது அவ்வளவு பெரிய காரியமல்ல. இந்த நாட்டில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு விண்ணப்பம் எழுதினால் அரச அலுவலகம் பதில் தர வேண்டும். மின்கட்டணம் பற்றியோ இணையச் சட்டத் திருத்தம் பற்றியோ அடுத்த முறை கருத்துக் கோரும் அறிவித்தல் வரும்போது ஒரு பக்கமாவது எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. நாம் எழுதாத மொழியில் நம்மைக் கேட்பவர் எவருமில்லை. ஆளியை அழுத்துவது யார், எவ்வளவு காலத்துக்கு, யாரிடம் முறையிடலாம் என்று அதில் கேளுங்கள். எழுதத் தெரியாத அயலவருக்காகவும் எழுதுங்கள். லயத்திலும் தோப்பூரிலும் மன்னாரிலும் அப்படிக் கேட்கக் காத்திருக்கும் பலர் இருக்கிறார்கள்.

சமூக ஊடகம் முடக்கப்படுவதும் மின்சாரம் வெட்டுப்படுவதும் சில வேளைகளில் தவிர்க்க முடியாதவையாகவும் இருக்கலாம். அப்போதும் காரணத்தை முன்கூட்டியே, நம் மொழியில், கால எல்லையோடு சொல்ல வேண்டும், பிறகு நீதிமன்றம் அதைப் பார்க்க முடிய வேண்டும். மின்கட்டணத்துக்கு மக்களைக் கேட்கத் தெரிந்த நாடு, மக்களின் பேச்சை நிறுத்தும்போது மட்டும் கேட்காமல் இருக்கலாமா?

அறிவே எல்லோருக்கும் கண் என்பது இந்தப் பல்கலைக்கழகத்தின் இலச்சினையில் உள்ள வடமொழி வாசகத்தின் பொருள். 'எல்லோருக்கும்' என்ற அந்தச் சொல்லை நினைவில் வையுங்கள். இந்த மண்டபத்துக்கு வெளியே ஓடும் மகாவலி இங்கிருந்து விக்டோரியாவுக்குப் போய், பழைய தெல்தெனியவின் மேல் நின்று, பிறகு உங்கள் வீட்டு விளக்காக வருகிறது. இன்று இரவு வீட்டுக்குப் போய் விளக்கைப் போடும்போது அந்த ஊரை ஒரு கணம் நினையுங்கள். நாளை யாராவது உங்கள் ஊரைக் கேட்காமல் ஓர் ஆளியைத் தொட வந்தால், எழுந்து நின்று முதல் கேள்வியைக் கேட்பவர் நீங்களாக இருங்கள்.