சட்டம் இருக்கு, வேலை எங்கே?

(தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



1991 ஜூலையில் நரசிம்மராவ் அரசு கொண்டுவந்த புதிய பொருளாதாரக் கொள்கையைப் பற்றித் தொழிற்சங்க மேடைகளில் நிறையப் பேசியாச்சு. அந்நிய மூலதனம், ஆலை மூடல், ஆட்குறைப்பு எல்லாம் சொன்னாங்க. சாதி அந்தப் பேச்சில் அபூர்வமாகத்தான் வந்தது.

இடஒதுக்கீட்டை எந்த அரசும் ரத்து செய்யவில்லை. செய்திருந்தால் தெருவுக்கு வந்திருப்போம். சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, அது செல்லுபடியாகிற வேலைகளைக் குறைத்தார்கள். 2000 ஜனவரியில் மாடர்ன் பிரட் தயாரித்த பொதுத்துறை நிறுவனத்தின் 74 சதவீதப் பங்கு இந்துஸ்தான் லீவருக்குப் போனது. அதே அடுப்பு, அதே ரொட்டி. புது ஆள் எடுக்கும்போது நம்ம பங்கைக் கேட்க மட்டும் சட்டம் இல்லாமல் போச்சு.

நான் வங்கி ஊழியன். 2000-01இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். பெருக்குவது, காவல் காப்பது போன்ற வேலைகள் ஒப்பந்தக்காரர் கைக்குப் போயின. நம்மவர்கள் பலர் நிரந்தர வேலைக்குள் நுழைந்த வாசல் அது. இன்னைக்கும் பெருக்குவது நம்ம அக்காதான். வங்கியின் சம்பளப் பட்டியலில் அவங்க பேர் இல்லை. பல இடங்களில் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலும் இல்லை.

நீதிமன்றமும் கைவிட்டது. ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்ட வேலையில் இருப்பவர்களை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் அதையே மாற்றி, அந்த உரிமை தானாக வராது என்றது.

சங்கங்கள் நிரந்தரத் தொழிலாளியின் சம்பளத்துக்கும் போனசுக்கும் போராடின. அது தப்பில்லை. ஆனால் வாசலுக்கு வெளியே நிற்கிறவன் யாருன்னு கேட்கணும். இந்தக் கேள்வி பழசு. பம்பாய் ஆலைகளில், அறுந்த நூலை எச்சில் தொட்டு முடியணும், தீட்டுப் பட்டுவிடும் என்று தலித்துகளை நெசவுப் பிரிவில் சேர்க்கவில்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இதைக் கோரிக்கையில் சேர்க்கச் சொன்னார். செங்கொடித் தலைவர்கள் தயங்கித்தான் ஒத்துக்கொண்டார்கள். 1938இல் மன்மாடில் ரயில்வே தலித் தொழிலாளர்களிடம், பார்ப்பனியம், முதலாளியம் இரண்டுமே எதிரி என்று அவர் பேசியது இந்த அனுபவத்திலிருந்துதான்.

ஒப்பந்தத் தொழிலாளிக்கு உறுப்பினர் அட்டை, தனியார் துறையிலும் இடஒதுக்கீடு. இந்த இரண்டும் ஒவ்வொரு சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலும் முதலில் வரணும். மாணவத் தோழர்களே, நீங்க தேடப்போகிற வேலையும் இதில்தான் இருக்கு. சங்கத்துக்கு உள்ளே போய்க் கேளுங்க. கேட்கவே விடலைன்னா, நமக்கான சங்கத்தை நாமே கட்டுவோம்.