குழாயில் வருவது உப்பா, சாக்கடையா?



நம் வீட்டுத் தண்ணீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கல்யாண், டோம்பிவிலி, அம்பர்நாத் பக்கம் வந்து குடியேறிய நமக்கு ‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’ என்று இரண்டே பிரிவு. பருப்பு வேக வேண்டும், சோப்பு நுரைக்க வேண்டும், அவ்வளவுதான் நம் சோதனை. அந்தச் சோதனையில் கல்யாண் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் நன்றாகவே தேறும். ஆனால் நம்மை நோயில் தள்ளும் பொருள் அந்தச் சோதனைக்குச் சிக்காது. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

நம் குழாய்க்குத் தண்ணீர் தரும் உல்லாஸ் நதி ராஜ்மாச்சி மலைச்சரிவில் பிறக்கிறது. சஹ்யாத்ரி மழைத் தண்ணீர் அது. கர்ஜத், பத்லாபூர் வழியாக நம்மிடம் வருகிறது. மே மாத வெயிலிலும் அது ஓடுவதற்குக் காரணம், மலைக்கு அந்தப் பக்கம் தோக்கர்வாடி அணையில் தேங்கும் தண்ணீர். டாட்டா நிறுவனம் 1922இல் தொடங்கிய பிவ்புரி மின் நிலையத்தில் மின்சாரம் தந்துவிட்டு அது இந்த ஆற்றில் விழுகிறது. அப்படி வரும் தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் அதிகம் சேர வழியில்லை. உப்பு மிகுந்த தண்ணீர் வேண்டுமானால் சொசைட்டியின் போரிங்கைத் திறந்து பாருங்கள்: வாளியில் வெள்ளைப் படிவம், கெய்சரில் கல், தலைமுடியில் சிக்கு, எல்லாம் அங்கே இருக்கும். குழாய்த் தண்ணீரையும் போரிங் தண்ணீரையும் ஒரே மேல்தொட்டியில் கலந்துவிட்டு மாநகராட்சியைத் திட்டும் கட்டடங்கள் பல உண்டு.

கடினத்தன்மைக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறார்கள். உடல்நலத்தை வைத்துப் பார்த்தால், உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு ஓர் எல்லையே வகுக்கவில்லை. பாத்திரத்துக்குக் கேடு, சோப்புக்குக் கேடு. குடிப்பவருக்குக் கேடு என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை.

ஆனால் நம் வாசலுக்கு விற்பனையாளர் வருகிறார். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் நம் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவருடைய ஆர்.ஓ. தண்ணீர். இரண்டு கம்பிகளை உள்ளே விட்டு சுவிட்சைப் போடுகிறார். நம் தண்ணீர் பழுப்பாகி, குழம்பு போல் கசடு திரள்கிறது. வீட்டுப் பெண்கள் மிரண்டுபோகிறார்கள். உண்மை என்ன? அந்தக் கசடு கம்பியில் இருந்த இரும்பு! தாது உப்பு இருக்கும் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், இரும்பு கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் எதுவும் நடக்காது. நோய்க்கிருமியை அந்தக் கம்பியும் காட்டாது, கரைந்த உப்பை அளக்க அவர் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரும் காட்டாது. சாக்கடை கலந்த தண்ணீரிலும் அந்த மீட்டர் அழகான எண்ணைக் காட்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த ஊர்களில் ஆர்.ஓ. கருவியைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இலேயே சொன்னது. அந்தக் கருவி குடிக்கத் தரும் தண்ணீரைவிட அதிகத் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீருக்குக் காத்திருக்கும் வீடுகள் உள்ள ஊரில் இது எவ்வளவு பெரிய அநியாயம்!

அப்படியானால் நம் கவலை எங்கே இருக்க வேண்டும்? மோஹனேயில்.

மோஹனேயில்தான் நமக்காக ஆற்றிலிருந்து நீர் எடுக்கிறார்கள். அதற்கு மேலே உள்ள ஊர்களின் சாக்கடையும் ஆலைக் கழிவும் ஓடைகள் வழியாக இந்த ஆற்றில்தான் சேர்ந்து வந்தன. ஆண்டுதோறும் ஆற்றை மூடும் ஆகாயத் தாமரையைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கப் பச்சையாக இருக்கிறது என்று மயங்காதீர்கள், சாக்கடைச் சத்தைத் தின்று வளரும் செடி அது. வனசக்தி என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தொடுத்த வழக்கில் 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றியுள்ள உள்ளாட்சிகளுக்கும் கழிவுநீர் நிலையங்களுக்கும் சுமார் 95 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அந்தப் பட்டியலில் நம் கல்யாண்-டோம்பிவிலி மாநகராட்சியும் இருந்தது. நமக்குத் தண்ணீர் தருபவரே ஆற்றையும் கெடுக்கிறார் என்றால், யாரிடம் போய் முறையிடுவது?

பாராவே, நேதிவிலி, மோஹிலி சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் போட்டுக் கசடை இறக்கி, மணலில் வடிகட்டி, குளோரின் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். அங்கே வேலை செய்யும் தொழிலாளர்களை நான் மதிக்கிறேன். ஆனால் ஆற்றில் சாக்கடை கூடினால் அமோனியா கூடும். அமோனியா குளோரினைப் பிடித்துக்கொள்ளும், கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது.

டெல்லியில் நடந்ததைச் சொல்கிறேன். 1955இன் இறுதியில் யமுனை தடம் மாறியது. நஜாப்கர் ஓடையின் சாக்கடை பின்னோக்கி ஏறி, வஸீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. பொறியாளர்கள் சும்மா இருக்கவில்லை, குளோரினைக் கூட்டினார்கள். வயிற்றுப்போக்கும் டைஃபாய்டும் பரவவில்லை. ஆனால் மஞ்சள் காமாலைக் கிருமி அந்தக் குளோரினைத் தாண்டி வீடுகளுக்குப் போனது. சுமார் 29,000 பேர் காமாலையில் படுத்தார்கள். கர்ப்பிணிகள் பலர் இறந்தார்கள். சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதே என்று நாம் நிம்மதியாகத் தூங்க முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? ஆறு சுத்தமாக இருக்க வேண்டும், நிலையம் அதற்குப் பிறகுதான்.

நிலையத்திலிருந்து சுத்தமாகக் கிளம்பிய நீரும் வழியில் கெடும். சில மணி நேரம் மட்டும் விடும் தண்ணீர் நின்றதும் குழாயில் அழுத்தம் போய்விடும். சாக்கடைக்குள் கிடக்கும் குழாயின் ஓட்டை வழியாக அழுக்கு உள்ளே இழுபடும். நேரே லைனில் மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடு இருந்தால், அந்த வீடு தன் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துச் சாக்கடையை இழுக்கிறது. நம்மவர்களும் இதைச் செய்கிறார்கள். செய்யாதீர்கள், கைகூப்பிக் கேட்கிறேன். சால் குடியிருப்பின் பொதுக்குழாயில் குடம் வைக்கும் அக்காவுக்கு மோட்டாரும் கிடையாது, ஆர்.ஓ.வும் கிடையாது. நாம் இழுத்த அழுக்கு அவர் பிள்ளையின் வயிற்றுக்குப் போகிறது.

2019இல் மத்திய அரசு 21 நகரங்களின் குழாய்த் தண்ணீரைச் சோதித்தது. எல்லாவற்றிலும் தேறிய ஒரே நகரம் மும்பை. நாம் தினமும் ரயில் ஏறி வேலைக்குப் போகும் அதே மும்பை. காட்டுக்குள் இருக்கும் ஏரிகளை அவர்கள் காவல் வைத்துக் காக்கிறார்கள். 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாம் மட்டும் ஏன் தலைவிதி என்று இருக்க வேண்டும்?

குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. குளோரோஸ்கோப் என்ற சிறு பெட்டியில் சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருக்கும் தண்ணீர் மஞ்சளாகும், பள்ளிப் பிள்ளையே பார்த்துச் சொல்லும். சாக்கடை கலந்திருக்கிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. 1982இல் நம் இந்திய விஞ்ஞானிகள் உருவாக்கிய சோதனை அது. மருந்துக் குப்பியில் தண்ணீரை ஊற்றி வைத்தால், கெட்ட தண்ணீர் ஓரிரு நாளில் கறுத்துவிடும். பல்லாயிரம் ரூபாய்க்கு ஆர்.ஓ. வாங்கும் சொசைட்டி இந்த இரண்டையும் வாங்கி வைக்கட்டும். தொட்டியைக் கழுவிய தேதியைச் சுவரில் எழுதட்டும். சந்தேகம் வந்த நாளில் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வையுங்கள், அதற்கு எந்தக் கம்பெனியும் வேண்டாம்.

அடுத்து மாநகராட்சி. நம் தண்ணீரை அவர்கள் சோதிக்கிறார்கள், முடிவு கோப்பில் தூங்குகிறது. எந்த வார்டில், எந்த நாளில், எத்தனை மாதிரி எடுத்தார்கள், எத்தனை தேறவில்லை என்று மாதந்தோறும் வார்டு ஆபீஸ் பலகையில் மராத்தியில் எழுதி ஒட்ட வேண்டும். அதைக் கேட்க நமக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனு எழுதத் தெரியாதவர்களுக்கு நம் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேசைக்கு வாருங்கள். உங்கள் கட்டடத்தின் பெயரையும் வார்டு எண்ணையும் கொடுத்து மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.