கழிவுநீரைப் பிரிக்கும் சவ்வுகள்

(கும்பளங்கியில் ஆற்றிய உரை)



காயல் சூழ்ந்த இவ்வூரில் நின்று தண்ணீரைப் பற்றிப் பேசச் சற்றுத் தயக்கமாகவே இருக்கிறது. சீனவலை இறக்கும் மீனவரும், பொக்காளி வயலில் நெல்லையும் இறாலையும் மாறி மாறி விளைவிக்கும் உழவரும் தண்ணீரின் குணத்தை என்னினும் நன்கறிவர். ஆயினும், 2024 மே மாதத்தில் ஏலூரை ஒட்டிப் பெரியாற்றில் மீன்கள் செத்து மிதந்ததையும், கூண்டுகளில் மீன் வளர்த்தோர் போட்ட முதலை இழந்ததையும் நாம் மறக்கவில்லை. தொழிற்சாலைகளும் நகரங்களும் விடும் கழிவு ஈற்றில் காயலைத்தான் அடைகிறது. அதனை வழியிலேயே பிரித்தெடுக்கும் சவ்வு முறையைப் பற்றியே இன்று கூற விழைகிறேன்.

உலர்ந்த திராட்சையை நீரில் இட்டால் அது பருக்கிறது. தோல் நீரை உள்ளே விடுகிறது. உள்ளிருக்கும் சர்க்கரையை எளிதில் வெளியே விடுவதில்லை. இதுவே சவ்வூடு பரவல். உப்பு மிகுந்த பக்கத்தில் போதிய அழுத்தம் கொடுத்தால் நீர் எதிர்த்திசையில் கடந்து நல்ல நீராக வெளிப்படும், உப்பு தங்கிவிடும். இது எதிர்ச் சவ்வூடு பரவல். 1960ஆம் ஆண்டையொட்டி, கலிபோர்னியாவில் சிட்னி லோப் என்பவரும் நம் நாட்டவரான சீனிவாச சௌரிராஜனும் உருவாக்கிய மெல்லிய சவ்வே இதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

எல்லாச் சவ்வும் ஒன்றல்ல. துளை பெரிய சவ்வு கலங்கலையும் பாக்டீரியாவையும் தடுக்கும். அதனினும் நுண்ணியது வைரசுகளைத் தடுக்கும். அடுத்தது சாயத்தையும் நீரின் கடினத்தன்மையையும் பிரிக்கும். கரைந்த உப்பைப் பெருமளவு பிரிப்பது எதிர்ச் சவ்வூடு பரவல்.

இதன் பயனைச் சென்னையில் காணலாம். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019இல் தொடங்கிய நிலையங்கள் ஒவ்வொன்றும், நாளொன்றுக்கு நான்கரைக் கோடி லிட்டர் நீரை நகரச் சாக்கடை நீரிலிருந்து பெற்றுத் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் திறனுடையவை. அந்த அளவிற்குக் குடிநீர் மக்களுக்கு மிஞ்சுகிறது.

இதன் இடர்ப்பாட்டைத் திருப்பூர் கற்பிக்கிறது. துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். பழைய சுத்திகரிப்பு முறை நிறத்தைக் குறைத்தது. கரைந்த உப்பை நீக்கவில்லை. பாசனத்திற்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாயிற்று. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடாத முறையை ஏற்றபின்னரே பட்டறைகள் மீண்டும் இயங்கின. சவ்வு தந்த நல்ல நீர் பட்டறைக்கே திரும்பியது. எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி உப்பை மீட்டனர். அப்படியும், எதற்கும் பயன்படாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் குவிந்தது.

நண்பர்களே, சவ்வு மாசை அழிப்பதில்லை. பிரித்து மட்டுமே வைக்கிறது. நூறு லிட்டர் கழிவுநீரில் எழுபத்தைந்து லிட்டர் தூயநீர் எடுத்தால், எஞ்சிய இருபத்தைந்து லிட்டரில் மாசு ஏறக்குறைய நான்கு மடங்கு செறிந்திருக்கும். அதனைக் காயலில் விட்டால் செய்த வேலை அனைத்தும் வீண்.

எனவே எங்கேனும் இத்தகைய நிலையம் அமையுமானால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எஞ்சும் செறிந்த நீர் எங்கே போகும்? மின்சாரத்திற்கும் பழுதுற்ற சவ்வை மாற்றுவதற்கும் ஆண்டுதோறும் பணம் தருபவர் யார்? நாள்தோறும் நீரைச் சோதித்து, அளவுகளை ஊரறிய எழுதி வைப்பவர் யார்? இறால் உரிக்கும் கூடத்தின் நீரானால் நான்காவது கேள்வியும் உண்டு: கொழுப்பையும் புரதத்தையும் முன்னரே நீக்குவீர்களா? நீக்காவிடில் சவ்வு விரைவில் அடைபடும்.

இவற்றிற்கு விடை கிடைத்த பின்னரே இயந்திரம் வரட்டும். விடையின்றி வந்த இயந்திரம், மாசை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றும் விலையுயர்ந்த வடிகட்டியாகவே முடியும். காயலை நம்பி வாழும் உங்களுக்குக் கேட்கும் உரிமை உண்டு. கேளுங்கள்.